ஸ்பிரிண்ட் கயாக்: முதல் கவிழ்விலிருந்து பதக்க மேடை வரை

அமைதியான நீரில் பாதை பிரித்து நடக்கும் துடுப்புப் படகுப் பந்தயமான ஸ்பிரிண்ட் கயாக்கில் உலகப் போட்டிக்கு ஒருவர் தயாராக எட்டு முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கும். இந்தக் காலத்தில் உழைப்பில் குறை வைப்பவர்கள் குறைவு. எதை முதலில் கற்க வேண்டும், எதைப் பிறகு என்ற வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தோளில் வலு இருக்கிறதே என்று முதல் மாதமே பந்தயப் படகில் ஏறுகிறார்கள். துடுப்பு வீச்சு சரியாக அமையும் முன்பே வேகப் பயிற்சியில் இறங்குகிறார்கள். இரண்டையும் திருத்தப் பின்னால் ஆண்டுகள் போகும். சமநிலை, துடுப்பு வீச்சு, கால் உதைப்பு, நீண்டநேரத் தெம்பு, கடைசியில் வேகம் என்று போவதே நல்லது. இங்கேயும் அதே வரிசைதான்.

போட்டியின் அமைப்பு

கயாக்கில் கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் பிளேடு உள்ள துடுப்பால் ஓட்டுவார்கள். மண்டியிட்டு ஒற்றைப் பிளேடால் ஓட்டுவது கனூ. இரண்டும் ஒரே போட்டித் தொடரில் நடந்தாலும் அது வேறு விளையாட்டு மாதிரிதான்.

ஒருவர் ஓட்டும் கே1 படகு 520 செ.மீ. நீளத்துக்கு மேல் போகக்கூடாது, 12 கிலோவுக்குக் கீழே இறங்கக்கூடாது. கே2 என்றால் 650 செ.மீ., 18 கிலோ. கே4 என்றால் 1100 செ.மீ., 30 கிலோ. அமைதியான நீரில் ஒன்பது பாதைகள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் அகலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு கே1 1000 மீ., கே2 500 மீ., கே4 500 மீ. நடந்தன. பெண்களுக்கு மூன்று படகுக்கும் 500 மீட்டர்தான். கயாக் 200 மீ. 2012 லண்டனில் நுழைந்து, டோக்கியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து வெளியேறியது. போட்டிப் பட்டியல் இப்படி மாறிக்கொண்டே இருப்பதை மனதில் வையுங்கள். எந்தத் தூரத்தை நம்பி இறங்குவது என்ற முடிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் ஆண்டு: விழாமல் உட்காருவது

தொடக்கத்துக்கு 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள பயிற்சிப் படகு வேண்டும். அடுத்த படி 46 செ.மீ. அளவில். பந்தயப் படகு அதைவிடக் குறுகியது, அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். சிட்னி ஒலிம்பிக் வரை கே1 குறைந்தது 51 செ.மீ. அகலம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்த பிறகு வந்த படகுகள் நின்ற இடத்தில் நிற்காது. ஓடும்போதுதான் ஓரளவு நிலைக்கும்.

நீச்சல் தெரியாமல் ஏறக்கூடாது. உடுத்த துணியோடு 100 மீட்டராவது நீந்தத் தெரிய வேண்டும். கற்பவர் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். நீர் குளிராக இருந்தால் கரையோரமாக, துணைப் படகோடு மட்டும் போக வேண்டும். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதலில் மூச்சுதான் தடுமாறும், கை கால் பிறகுதான் சோரும். நன்றாக நீந்துபவரும் அந்த முதல் நிமிடத்தில் திணறுவார்.

ஏறும்போது படகைத் துறை மேடைக்கு இணையாக, ஒட்டி நிறுத்துங்கள். துடுப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு கை மேடையில், மறு கை காக்பிட்டின் (படகில் உட்காரும் திறப்பின்) விளிம்பைப் பிடிக்கும். படகுப் பக்கம் உள்ள காலை சீட்டுக்கு முன்னால் படகின் நடுக்கோட்டில் வைத்து, எடையைத் தாழ்த்தி உடனே உட்கார்ந்துவிடுங்கள். பாதி நின்றபடி யோசித்தால் தண்ணீருக்குள்தான். கரையோர ஆழத்தையும் பாருங்கள். சுக்கான் படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருப்பதால் தரையில் இடித்தால் அச்சு வளையும், அப்புறம் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும்.

கவிழ்ந்தால் படகை விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு நீந்துங்கள். நீர் நிறைந்த படகை முனையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உள்ளே நூறு கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கும், நடுவில் விரிசல் விடும். கரையோரம் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பெரும்பாலான நீரை முதலில் வெளியேற்றுங்கள். பிறகு கவிழ்த்து, இரு முனையிலும் ஆள் நின்று மாறி மாறி உயர்த்தி மிச்சத்தை வடியுங்கள்.

சமநிலை இடுப்பில் இருக்கிறது. மேலுடல் நிமிர்ந்து அமைதியாக இருக்க, இடுப்பு படகோடு சேர்ந்து ஆட வேண்டும். பயந்தவர் இடுப்பை இறுக்கிக்கொள்வார். அப்போது படகின் ஒவ்வொரு ஆட்டமும் தலை வரை ஏறும். துடுப்பை மார்புயரத்தில் கிடையாகப் பிடித்து, வேண்டுமென்றே படகை இடமும் வலமும் ஆட்டிப் பழகுங்கள். கண் தொலைவில் கரையைப் பார்க்கட்டும். முன்முனையைப் பார்த்தால் ஆட்டம் கூடும்.

அடுத்த குறுகிய படகுக்கு மாறலாமா என்பதற்கு நான்கு சோதனைகள் போதும். ஒன்று, 10 கி.மீ. ஓட்டும்போது ஒரு தடவைகூடத் துடுப்பால் நீரைத் தட்டித் தாங்க வேண்டியிருக்கக் கூடாது. இரண்டு, நின்ற படகில் துடுப்பை நீரிலிருந்து எடுத்து அரை நிமிடம் உட்கார முடிய வேண்டும். மூன்று, ஓட்டிக்கொண்டே இரு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும். நான்கு, மோட்டார் படகின் அலை பக்கவாட்டில் வந்தாலும் வீச்சின் நீளம் குறையக் கூடாது. நான்கில் ஒன்று தவறினாலும் பழைய படகிலேயே இருங்கள். ஆட்டம் காணும் படகில் உடல் தானாகவே தற்காப்புக்குப் போகும். முன்னே எட்ட மாட்டீர்கள், துடுப்பை அகலமாகப் போடுவீர்கள், காலை உதைக்கவே மாட்டீர்கள். ஆறு மாதம் இப்படி ஓட்டினால் அதுவே பழக்கமாகிவிடும். நண்பர்கள் எல்லாம் பந்தயப் படகுக்கு மாறிவிட்டார்கள் என்பது ஒரு காரணமே இல்லை.

படகை உடலுக்குப் பொருத்துவது

சீட்டுக்கும் கால்பலகைக்கும் உள்ள தூரம்தான் முதல் அளவு. குதிகால் பலகையில் ஊன்றியிருக்கும்போது முழங்கால் 110 முதல் 130 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். அதைவிட நீட்டினால் உதைக்க இடமில்லை. அதிகம் மடக்கினால் முழங்கால் கையில் இடிக்கும், தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். உதைத்த காலும் முழுக்க நீளாமல் சற்று மடங்கியே நிற்க வேண்டும்.

பாதத்தின் மேலே ஒரு பட்டை வரும். இது இல்லாமல் ஓட்டுபவர்கள் விசையை இழக்கிறார்கள். ஒரு கால் தள்ளும்போது மறு கால் இந்தப் பட்டையை இழுத்தால்தான் இடுப்பு முழுதாகத் திரும்பும். பட்டை பாதத்தின் மேல் உரசி நிற்க வேண்டும், ஆனால் கவிழ்ந்தால் கால் உடனே உருவி வர வேண்டும். கரையிலேயே இதைச் சோதித்துவிடுங்கள். இரு பாதங்களுக்கு நடுவே சுக்கான் கம்பி நிற்கும். கட்டைவிரல்கள் அதன் இருபுறமும் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

சீட்டை 1 செ.மீ. உயர்த்தினால் துடுப்புக்கு நல்ல கோணம் கிடைக்கும், அதற்கு ஈடாகச் சமநிலை குறையும். சீட்டை முன்பின் நகர்த்தும்போது படகு நீரில் கிடையாக இருக்கிறதா என்று ஒருவர் கரையிலிருந்து பார்க்க வேண்டும். பின்முனை அழுந்தினால் படகு ஏற்றத்தில் போவதுபோல் கனக்கும். முன்முனை அழுந்தினால் காற்றில் திசை நிற்காது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றி, பழைய இடத்தை டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். படகின் அளவு ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 65 கிலோ ஆள் 90 கிலோவுக்கான படகில் ஏறினால் படகு நீருக்கு மேலே மிதந்து காற்றில் அலையும்.

துடுப்பு இப்போதெல்லாம் விங் வகைதான். 1980களில் ஸ்வீடனில் தோன்றிச் சில ஆண்டுகளில் தட்டையான பிளேடை முழுக்க ஒழித்துவிட்டது. விமான இறக்கைபோல் வளைந்த இதன் முகம், படகிலிருந்து சற்றே வெளிநோக்கிப் போகும்போது தூக்குவிசையைத் தருகிறது. அதனால் பிளேடு நீரில் வழுக்குவது குறைகிறது. நீளம் பெண்களுக்குப் பெரும்பாலும் 205 முதல் 214 செ.மீ. வரை, ஆண்களுக்கு 212 முதல் 220 வரை. நடுவில் நீளத்தையும் கோணத்தையும் மாற்றும் இணைப்பு உள்ள துடுப்பையே வாங்குங்கள். இரு பிளேடுக்கும் இடையிலான திருப்பக் கோணம் 60 பாகை அளவில் தொடங்கலாம். 80, 90 என்று ஏற்றினால் மணிக்கட்டு தாங்காது. பிடியின் அகலத்துக்குத் துடுப்பைத் தலைமேல் வைத்துப் பாருங்கள். முழங்கைகள் செங்கோணத்தில் இருந்தால் சரி. கையின் இடத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள், களைப்பில் கை நகர்வது தெரியாது.

பிளேடின் பரப்பு விஷயத்தில் ஆசை அதிகமாவது வழக்கம். சாம்பியன் வைத்திருக்கும் அதே பெரிய பிளேடு பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தோள் வலியைத்தான் தரும். கடைசி 100 மீட்டரில் வீச்சு வேகம் விழுகிறது, நீளம் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் பிளேடு பெரிது.

ஒரு வீச்சு, நெருக்கத்தில்

மெதுவாக்கிய வீடியோவில் பார்த்தால் ஒரு வீச்சு நான்கு துண்டாகப் பிரியும்: கேட்ச் (பிளேடு நீரில் பதிவது), இழுப்பு, வெளியேற்றம், காற்றில் கடப்பது. இவற்றில் கேட்ச் சரியானால் மற்றதில் பாதி தானாக வரும்.

இடப்பக்கக் கேட்சை எடுத்துக்கொள்வோம். இடத் தோள் முன்னே வந்திருக்கும், மேலுடல் வலப்பக்கம் திரும்பியிருக்கும். இடக்கை கிட்டத்தட்ட நேராக, வலக்கை நெற்றியுயரத்தில். இடக்கால் மடங்கி, உதைக்கத் தயாராக. பிளேடு பாதத்துக்கு நேராக, படகின் ஓரத்தை உரசுவதுபோல் நீரில் இறங்க வேண்டும். இழுப்பு தொடங்கும் முன் பிளேடு முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பாதி மூழ்கிய பிளேடை இழுத்தால் அதன் பின்னால் காற்று புகுந்து குமிழி கிளம்பும், பிடிப்பு போய்விடும். காதாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். நல்ல கேட்ச் சத்தமில்லாமல் இறங்கும். ‘பளக்’ என்று கேட்டால் இறங்கும் முன்பே இழுத்துவிட்டீர்கள்.

பிளேடு பதிந்த அதே கணத்தில் இடக்கால் பலகையைத் தள்ளுகிறது, வலக்கால் பட்டையை இழுக்கிறது. இடது இடுப்பு சீட்டில் பின்னே நகர்கிறது, மேலுடல் இடப்பக்கமாகத் திரும்புகிறது. இடக்கையோ இன்னும் மடங்கவில்லை. பாதி இழுப்பு வரை முழங்கை நேராக இருப்பதுதான் உடல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். தொடங்கும்போதே முழங்கை மடங்கினால் கைத்தசை மட்டும்தான் படகைத் தள்ளுகிறது, அது 200 மீட்டருக்குள் தீர்ந்துவிடும். பிளேடு படகின் ஓரத்திலிருந்து மெல்ல விலகி வெளிநோக்கிப் போகட்டும். விங் பிளேடு தானாகவே அப்படிப் போகப் பார்க்கும். தடுத்து நேராகப் பின்னே இழுத்தால் விங் வாங்கியதே வீண்.

மேல்கை கண்ணுயரத்தில் முன்னே செல்கிறது. தாடைக்குக் கீழே விழவும் கூடாது, படகின் நடுக்கோட்டை அதிகம் தாண்டவும் கூடாது. பிளேடு இடுப்புக்கு நேர் வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், முழங்கை பக்கவாட்டில் உயரட்டும். இடுப்பைத் தாண்டி இழுத்தால் பிளேடு நீரை மேலே தூக்கும், படகின் பின்முனை கீழே அமுங்கும். ஓட்டுபவருக்கு இது பலமான இழுப்பாகத் தோன்றும், வேகமானியோ இறங்கும். புதியவர்களை ஏமாற்றுவதில் இதுதான் முதலிடம்.

காற்றில் கடக்கும் நேரத்தில் ஒரு சிறு நிறுத்தம் இருக்க வேண்டும். உடல் அடுத்த பக்கத்துக்கு முழுதாகத் திரும்பி முடிக்க அந்த நேரம் தேவை. மெதுவான பயிற்சியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வேகம் கூடும்போது சுருங்கும், ஆனால் மறையக் கூடாது.

பிழைகளைப் படகே சொல்லிவிடும். முன்முனை மேலும் கீழும் குதித்தால் பிளேடைக் குத்தி அழுத்துகிறீர்கள் அல்லது பின்னால் தூக்குகிறீர்கள். பாம்புபோல் வளைந்து போனால் பிளேடு படகிலிருந்து தள்ளி இறங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் நீர் தெறித்தால் அந்தப் பக்கத் திருப்பம் குறைவு, பெரும்பாலும் அது கோணத்தைக் கட்டுப்படுத்தாத (துடுப்பைத் திருப்பாமல் தளர்வாகப் பிடிக்கும்) கையின் பக்கம். முன்கை கல்லாக இறுகினால் பிடியை நெரிக்கிறீர்கள். மேல்கையின் விரல்கள் சற்றே திறந்திருக்கலாம், உள்ளங்கையின் அடிப்பகுதி தள்ளினால் போதும்.

வாரம் ஒரு தடவை வீடியோ எடுங்கள். பக்கவாட்டிலிருந்து இருபது வீச்சு, நேர் முன்னிருந்து இருபது வீச்சு. பந்தய வேகத்தில் எடுத்ததைத்தான் நம்பலாம். மெதுவாக ஓட்டும்போது எல்லோருடைய வீச்சும் அழகாகத்தான் இருக்கும்.

வீச்சு வேகமும் நீளமும்

கயாக்கில் ஒவ்வொரு பக்க வீச்சையும் தனித்தனியாக எண்ணி, நிமிடக் கணக்கில் சொல்வார்கள். படகின் வேகம் என்பது வீச்சு எண்ணிக்கையை ஒரு வீச்சில் படகு நகரும் தூரத்தால் பெருக்கியது, அவ்வளவுதான். டோக்கியோவில் ஹங்கேரியின் பாலின்ட் கோபாஸ் கே1 1000 மீட்டரை ஏறக்குறைய 3 நிமிடம் 20 நொடியில் முடித்தார். அதாவது நொடிக்கு 5 மீட்டர். அந்த வேகத்தை நிமிடத்துக்கு 105 வீச்சில் எட்ட வேண்டுமென்றால் ஒரு வீச்சுக்கு 2.86 மீட்டர் நகர வேண்டும். உங்களால் 2.5 மீட்டர்தான் முடிகிறது என்றால் அதே வேகத்துக்கு 120 வீச்சு தேவை. அதை 1000 மீட்டருக்குத் தாங்குவது மிகக் கடினம்.

சோதனை இப்படி: 250 மீட்டரை நிமிடத்துக்கு 60, 72, 84, 96, 108 வீச்சு என்று ஏறுவரிசையில் ஐந்து தடவை ஓட்டுங்கள், இடையில் நல்ல ஓய்வு. ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குறித்து, ஒரு வீச்சின் தூரத்தைக் கணக்கிடுங்கள். வீச்சு வேகம் ஏற ஏறத் தூரம் கொஞ்சம் குறைவது இயல்பு. எந்தப் படியில் திடீரென்று சரிகிறதோ அதுதான் உங்கள் இப்போதைய எல்லை. அந்தப் படிக்குச் சற்றுக் கீழேதான் பெரும்பாலான தரப் பயிற்சி நடக்க வேண்டும். அதற்கு மேல் போய் நீரைக் கலக்குவதால் படகு நகராது.

நீரின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகத்தில் 5 சதவீதம் கூட்ட 15 சதவீதத்துக்கு மேல் கூடுதல் திறன் வேண்டும். தொடக்கத்தில் அளவுக்கு மீறிப் பாய்ந்தவர் பின்பாதியில் ஏன் மொத்தமாக விழுகிறார் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

ஆண்டுத் திட்டம்

1000 மீட்டரில் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு மூச்சின் வழியாக, அதாவது ஆக்சிஜனால் வருகிறது. 500 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. 200 மீட்டரில்தான் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்குகிறது. ஆகவே பெயரில் ‘ஸ்பிரிண்ட்’ இருந்தாலும் ஒலிம்பிக் தூரங்களுக்கான பயிற்சியின் அடித்தளம் நீண்ட தூரம்தான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வாரம் நான்கு தடவை, தடவைக்கு 6 முதல் 8 கி.மீ. போதும். அதோடு நீச்சல், ஓட்டம், உடல் எடையால் செய்யும் பயிற்சிகள். உலகத் தரத்தில் வாரம் பத்து முதல் பன்னிரண்டு அமர்வு, பருவம் தொடங்கும் முன் வாரம் 100 கி.மீ. தாண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து சதவீதம் என்று ஏற்றினால் தோளும் மணிக்கட்டும் தாங்கும்.

பதினேழு வயது வீரருக்குப் பந்தயமில்லாத மாதங்களில் ஒரு வாரம் இப்படி அமையலாம். இரண்டு நாள் 14 முதல் 16 கி.மீ., நிமிடத்துக்கு 60–70 வீச்சில், பேச்சு வரும் அளவு மூச்சில். ஒரு நாள் 4 × 2000 மீ., 76–84 வீச்சில், இடையில் 3 நிமிடம். ஒரு நாள் 8 × 500 மீ., 88–96 வீச்சில், இடையில் 2 நிமிடம். ஒரு நாள் 10 × 15 நொடி முழு வேகம், ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிடம் மெல்ல. ஒரு நாள் தடை போட்டு ஓட்டுவது: படகின் நடுவே, சீட்டுக்கு முன்னால், ரப்பர் கயிற்றைச் சுற்றி அதில் ஒரு டென்னிஸ் பந்தைக் கோத்து அடியில் வருமாறு கட்டுங்கள். படகு கனக்கும், கேட்சில் பிளேடைப் பூட்ட வேண்டிய கட்டாயம் வரும். 6 × 3 நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. கழற்றிய பிறகு சில நூறு மீட்டர் தடையில்லாமல் ஓட்டி முடியுங்கள். ஏழாம் நாள் ஓய்வு. ஓய்வு நாளில் ‘சும்மா கொஞ்சம்’ ஓட்டுவது ஓய்வாகாது.

உடற்பயிற்சிக் கூடத்தில் வாரம் மூன்று அமர்வு. மையம் பெஞ்ச் புல்: உயரமான பலகையில் குப்புறப் படுத்து, கீழிருக்கும் எடைக் கம்பியை அது பலகையின் அடியில் தொடும் வரை இழுப்பது. தொடாத இழுப்பு கணக்கில் வராது. கூடவே பெஞ்ச் பிரஸ், புல் அப், கால்களுக்கு ஸ்குவாட். இழுக்கும் எடையும் தள்ளும் எடையும் கிட்டத்தட்டச் சமமாக வளர வேண்டும். தள்ளுவது மட்டும் வளர்ந்தால் தோள் முன்னே மடங்கும், கேட்சில் இடிக்கும். தோள்மூட்டின் சிறு தசைகளுக்கு ரப்பர் பட்டையால் வெளிச்சுழற்சி, ஒவ்வொரு அமர்விலும் 2 × 15. சலிப்பான வேலை என்று இதைத்தான் எல்லோரும் முதலில் விடுவார்கள்.

முக்கியப் பந்தயத்துக்கு முன் பத்து முதல் பதினான்கு நாள் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இரண்டையும் குறைத்தால் பந்தய நாளில் உடல் மந்தமாக இருக்கும்.

பந்தய நாள்

அரை மணி நேரம் நீரில் சூடேற்றிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு, மூன்று தொடக்கப் பாய்ச்சல் இருக்கட்டும். பாதையில் பாசி இருந்தால் சுக்கானில் சிக்கும். தொடக்கக் கோட்டுக்குப் போனதும் சில வீச்சு பின்னோக்கி ஓட்டினால் கழன்றுவிடும். ஒரு கொத்துப் பாசி சிக்கிய படகில் எவ்வளவு உழைத்தாலும் பலனில்லை.

தொடக்கத்தில் படகின் மூக்கு தொடக்கக் கருவிக்குள் நிற்கும். முதல் பிளேடை முன்கூட்டியே நீரில் முழுக்கப் பதித்துவையுங்கள். குரல் கேட்டதும் முதல் மூன்று வீச்சு கனமாக, அவசரமில்லாமல். நின்ற படகை நகர்த்துவதுதான் அவற்றின் வேலை. பிறகு ஏழு, எட்டு நொடிக்குள் உச்ச வீச்சு வேகம், 130க்கு மேல். 200 மீட்டர்காரர்கள் 150ஐத் தாண்டுவார்கள், கடைசி வரை விட மாட்டார்கள். 1000 மீட்டரில் 60, 80 மீட்டர் தாண்டியதும் வீச்சை நீட்டிப் பந்தய வேகத்துக்கு இறங்க வேண்டும். இந்த இறக்கம்தான் கற்றுக்கொள்ளக் கடினமானது. பக்கத்துப் படகு அரை நீளம் முன்னே தெரியும்போது இறங்க மனம் வராது. தனியாகப் பயிற்சி செய்தால் இது வராது, போட்டிபோல் இருவர் மூவர் சேர்ந்து பழக வேண்டும். 1000 மீட்டரில் மூன்றாவது 250 மீட்டர்தான் பெரும்பாலோருக்கு மெதுவானது. அங்கே அரை நொடி குறைவாக இழப்பவர் முடிவில் முன்னே வருவார்.

பக்கக் காற்றில் சுக்கானைச் சிறிது தொடர்ந்து பிடித்திருப்பது, ஆட்டி ஆட்டித் திருத்துவதைவிட நல்லது. சுக்கான் திரும்பும் ஒவ்வொரு தடவையும் படகைப் பிரேக் போடுகிறது. பாதையின் நடுவை விட்டு விலகாதீர்கள். 1000 மீட்டர் வரையான பந்தயங்களில் அடுத்தவர் அலையில் ஏறி ஓட்டத் தடை உண்டு. 5000 மீட்டரில் அதுவே தந்திரம்.

கோட்டை முதலில் கடக்கும் படகின் மூக்குதான் கணக்கு. கடைசி வீச்சில் கால்களை முன்னே தள்ளி உடலைப் பின்னே சாய்த்துப் படகை முன்னே எறிவார்கள். சரியான கணத்தில் செய்தால் பதக்கத்தின் நிறம் மாறும். கோட்டுக்கு முன்பே செய்தால் படகு நின்றுவிடும், சில சமயம் கவிழவும் செய்யும். கவிழ்ந்து, ஆள் இல்லாமல் கடந்த படகு கணக்கில் வராது. பந்தயம் முடிந்ததும் படகை எடை பார்க்க அழைக்கலாம். 12 கிலோவுக்கு ஒரு சில கிராம் குறைந்தாலும் தகுதிநீக்கம்தான். ஆகவே காலையிலேயே, உலர்ந்த படகை, அங்கே உள்ள அதிகாரத் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

வாழ்க்கைப் பாதையின் முடிவுகள்

உலக அளவில் 18 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர், சீனியர் என்று மூன்று படிகள். 18ல் வென்றவர்கள் பலர் 21ல் காணாமல் போகிறார்கள். சீக்கிரம் வளர்ந்த உடலால் ஜூனியரில் வென்றவருக்கு, மற்றவர்களும் வளர்ந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. வீச்சு நுட்பம் இருந்தவர் நிற்கிறார். 18 முதல் 21 வரை இடங்களைப் பார்க்காமல் சொந்த நேரத்தையும் வீச்சின் தூரத்தையும் மட்டும் பார்ப்பது நல்லது.

தூரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் 2012, 2016, டோக்கியோ என மூன்று ஒலிம்பிக்கிலும் கே1 200 மீட்டரில் தங்கம் வென்றார். அந்தப் பந்தயம் பட்டியலிலிருந்து போன பிறகு பாரிஸில் கே1, கே2, கே4 மூன்றிலும் 500 மீட்டர் தங்கம். டோக்கியோவிலேயே 500 மீட்டரிலும் அவர் தங்கம் வென்றிருந்ததால்தான் பட்டியல் மாறியது அவரை வீழ்த்தவில்லை. ஒரே தூரத்தில் மட்டும் நிற்பவரின் எதிர்காலம் ஒரு கூட்டத்தின் தீர்மானத்தில் இருக்கிறது.

கே2, கே4 படகில் ஓட்டக் கற்பது விருப்பப் பாடம் ஆகாது. தேசிய அணியில் ஒற்றையருக்கு இடம் ஒன்றோ இரண்டோ, கே4க்கு நான்கு. முன்னால் உட்காருபவர் வீச்சின் தாளத்தையும் சுக்கானையும் பார்க்கிறார். இரண்டாமவர் அதை அச்சு பிசகாமல் பின்னுக்குக் கடத்துகிறார். நடுவிலும் பின்னிலும் வலு மிகுந்தவர்கள். பின்னால் இருப்பவர்கள் முன்னாலிருப்பவரின் முதுகைப் பார்த்து ஓட்ட வேண்டும், பிளேடைப் பார்த்தால் ஒவ்வொரு வீச்சும் ஒரு கணம் தாமதமாகும்.

காயங்களில் முதலில் வருவது மணிக்கட்டு. முன்கையின் மேல்புறம் வீங்கி, விரலை அசைத்தால் நறநறவென்று உணர்ந்தால் தசைநாண் உறை அழற்சி. இரண்டு நாள் நிறுத்தினால் சரியாகும் கட்டத்தில் தொடர்ந்து ஓட்டினால் ஆறு வாரம் போகும். பிடியைத் தளர்த்தி, பிளேடின் கோணத்தை 5 பாகை குறைத்துப் பாருங்கள். விலா எலும்பில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, ஆழ்ந்த மூச்சில் கூடினால் அது அழுத்த முறிவாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்காமல் நீரில் இறங்கக் கூடாது. உள்ளங்கைக் கொப்புளத்தைப் பிய்க்காமல் சுத்தமாக வடித்து, டேப் சுற்றி ஓட்டுவார்கள். கையுறை பிடியின் உணர்வைக் கெடுக்கும்.

மேல்மட்டத்துக்குப் போனதும் ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் சேரலாம். அப்படியானால் நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று தடவை தவறினால், மருந்தே எடுக்காவிட்டாலும் அது விதிமீறல். பயண நாளில் மறப்பதுதான் வழக்கம், ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே பதிவை மாற்றிவிடுங்கள். உணவுத் துணைப்பொருள் எதையும் பரிசோதனைச் சான்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இந்த விளையாட்டில் வயது கடுமையான எதிரி இல்லை. ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980 மாஸ்கோவில் 18 வயதில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 2000க்குப் பிறகு விலகி, மறுபடி வந்து, 2004 ஏதென்ஸில் 42 வயதில் கே4 500 மீட்டரில் எட்டாவது தங்கத்தை எடுத்தார். முப்பதுக்குப் பிறகு உடல் மீளும் நேரம்தான் கூடும். கடும் அமர்வுகளை வாரம் நான்கிலிருந்து மூன்றாக்கி, இடையில் முழு ஒரு நாள் விடுங்கள், எடைப் பயிற்சியை மட்டும் குறைக்காதீர்கள். விலகுவது என்று முடிவானால் வாரம் பன்னிரண்டு அமர்விலிருந்து ஒரே நாளில் பூச்சியத்துக்கு இறங்க வேண்டாம். மூன்று, நான்கு மாதத்தில் படிப்படியாக வாரம் மூன்று அமர்வுக்கு இறங்குங்கள். முதல் மாதத்தில் நீளத்தையும், அடுத்த மாதத்தில் எண்ணிக்கையையும் குறைப்பது தூக்கத்துக்கும் பசிக்கும் எளிதாக இருக்கும்.